மழை பெய்தால் மட்டும்

ஜூலை மாதம் இரண்டாம் வாரத்தில் எங்கள் வீட்டு மேசைமேல் ஒன்பது ரொட்டிக் கூடைகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள்கரு சேர்த்துச் சுட்ட ரொட்டிகள், நாலு கட்டி சாக்லேட், ஒரு புட்டி மெஸ்கால் சாராயம். கொண்டுவந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மழையைப் பற்றியும் சோளத்தைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினார்கள். பிறகுதான் வந்த காரியத்துக்கு வந்தார்கள். பிள்ளை ஒன்பதாவதோடு ஊர்ப் பள்ளிக்கூடம் முடிக்கிறான், அவனுக்கு ஞானத்தகப்பனாக, ஞானத்தாயாக ஒருவர் நிற்க வேண்டும். மலைமேல் இருக்கும் எங்கள் யகுவீ ஊரில் அந்தக் கூடையை வாங்கி மேசையில் வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு பேச்சு மாறக் கூடாது.

இதில் ஒரு வினோதம் இருந்தது. நிற்கப்போகிற ஒன்பது பேரும் அப்போது கனடாவில் இருந்தார்கள். அவர்களுக்காகக் கூடைகளை வாங்கி வைத்தவள் என் அம்மா.

அம்மாவின் பெயர் ஒடிலியா. வயது நாற்பத்திரண்டு. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் மலை பார்க்க வருபவர்களைப் பதினாறு வருடமாகக் காட்டுக்குள் கூட்டிப் போகிறாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பாள், திரும்பிப் பார்க்க மாட்டாள். காலடிச் சத்தத்தை வைத்தே பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்வாள். எங்கள் ஊர் உயரத்தில் கீழ்நாட்டுக்காரர்களுக்கு மூச்சு வாங்கும். ஆனால் உட்காரலாமா என்று கேட்க அவர்களுக்கு வெட்கம். யாருக்காவது மூச்சு இரைக்கிற சத்தம் கேட்டால் அம்மா சட்டென்று நின்று ஏதாவது ஒரு செடியைக் காட்டுவாள். "இது வயித்து வலிக்கு நல்லது" என்று ஆரம்பித்து, இரைப்பு அடங்கும்வரை அந்தச் செடியைப் பற்றியே பேசுவாள். செடி எதுவும் இல்லாத இடத்தில் பாசியைக் காட்டுவாள். ஒருமுறை வெறும் கல்லைக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பா நாட்டு எல்லை தாண்டி வடக்கே ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

மார்னி முதலில் வந்தது ஏழு வருடத்துக்கு முன்னால். கனடாக்காரி. எங்கள் மொழி பேசத் தெரிந்தவள், தனியாக வந்திருந்தாள். இரண்டாம் நாள் ஓடைக் கரையில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. அம்மா அவளை முதுகில் சுமந்துகொண்டு ஒரு மணி நேரம் ஏறி வந்தாள். மார்னி ஒல்லி இல்லை. பதினோரு நாள் எங்கள் வீட்டில், என் கட்டிலில் படுத்திருந்தாள். நான் தரையில் படுத்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. இங்கிலீஷ் வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து அவரை உரித்தாள், அம்மாவோடு சிரித்தாள், போகும்போது அழுதாள்.

அடுத்த வருடம் நான் ஆறாம் வகுப்போடு தொடக்கப்பள்ளியை முடித்தேன். அம்மா மார்னிக்குக் கூடை வைத்தாள். அவள் எனக்கு ஞானத்தாயாக நின்றாள். அந்த நிமிடத்திலிருந்து பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. அதுவரை மார்னியை "நீ வா, போ" என்று பேசிய அம்மா, பள்ளிக்கூட வாசலிலேயே "வாங்க கொமாத்ரே" என்று மாறிவிட்டாள். கொமாத்ரேயோடு சண்டை போடக் கூடாது. அவள் கேட்டதை மறுக்கக் கூடாது. ஒருத்தி செத்தால் மற்றவள் கல்லறைவரை நடக்க வேண்டும். மார்னிக்கு இதெல்லாம் தெரியுமா என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. தெரியாமல் எப்படி ஒருவர் கூடையை வாங்குவார்?

ஒவ்வொரு ஜூலையிலும் அவள் வந்தாள். சில வருடம் தோழிகளோடு, பிறகு அவளே பயணம் ஏற்பாடு செய்து கூட்டிவரும் சின்னக் குழுக்களோடு. இந்த மார்ச் மாதம் போன் செய்தாள்.

"ஒடிலியா, இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு எத்தனை பேர் முடிக்கிறாங்க?"

"ஒன்பது பேர் கொமாத்ரே."

"ரொம்ப நல்லது! என்கூட ஒன்பது பேர் வர்றாங்க. உன் செனிக்கு நான் நின்ன மாதிரி அவங்களும் நிக்க ஆசைப்படறாங்க. நீ ஏற்பாடு பண்ணுவியா?"

செனி என்பது நான். போனை நான்தான் பிடித்திருந்தேன், அம்மாவின் கையில் மாவு.

அம்மா ஒன்பது வீட்டுக்கும் போனாள். எல்லார் வீட்டிலும் மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். "அவங்க திரும்பி வருவாங்களா, தோன்யா ஒடிலியா?" அம்மா எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னாள். "என் கொமாத்ரே வரலையா? ஆறு வருஷமா ஒரு வருஷம் தவறியிருக்காளா?" அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. சிலர் சொந்த அண்ணன் தம்பியை நிற்கச் சொல்லி முன்பே கேட்டிருந்தார்கள். அதை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டுக்குக் கூடை கொண்டுவந்தார்கள். அத்தனை ரொட்டியை நாங்கள் இரண்டு பேர் எப்படித் தின்பது? ஊரெல்லாம் பங்கிட்டோம். ரொட்டி தீர்ந்தது, வாக்கு மட்டும் அம்மாவின் தலையில் நின்றது.

குழு வந்த மறுநாள் காளான் பார்க்கும் நடை. வழிகாட்டிகளின் முறைப்பட்டியலில் அன்று அம்மாவின் பெயர்தான். மொழிபெயர்க்க நானும் போனேன். அன்று காலையே அம்மா காளான் சூப் கொதிக்க வைத்து, பத்துத் தட்டுகளைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். மார்னி வந்தால் முதல் சாப்பாடு எங்கள் வீட்டில்தான், எப்போதும்.

நடை நன்றாகவே போனது. சிவப்புக் காளானைக் கண்டால் எல்லாரும் குனிந்து படம் எடுத்தார்கள். வெண்டல் என்று ஒரு வயதானவர். அவருக்காக அம்மா நாலு முறை செடி காட்டினாள். பகலில் பெரிய பாறைக்கு வந்ததும் மார்னி பையை இறக்கினாள்.

"இங்கயே சாப்பிடலாம். எல்லாருக்கும் டப்பா கொண்டு வந்திருக்கோம்."

அம்மா சிரித்தாள். "வீட்டுல சூப்பு காத்துக்கிட்டு இருக்கு கொமாத்ரே. பத்துத் தட்டு வச்சிருக்கேன்."

"ஐயோ ஒடிலியா! வெயில் இவ்வளவு அழகா இருக்கே. இன்னைக்குப் பாறைதான்."

அம்மா "சரிங்க" என்றாள். எங்கள் இருவருக்கும் டப்பா இல்லை. வெண்டல் தன்னுடையதில் பாதியை எனக்குத் தந்தார். நல்ல மனிதர். பக்கத்தில் உட்காரச் சொல்லி, பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார்.

"எனக்கு எந்தப் பிள்ளை? பையனா, பொண்ணா?" என்று இங்கிலீஷில் கேட்டார். "ரெண்டு வருஷம் முன்னாடி குவாதமாலாவுல ஒரு பையன். பேரு மறந்துபோச்சு. மார்னியோட பயணம்னாலே இதுதான் ஸ்பெஷல். அவங்களுக்கு மட்டும் பதினொரு பிள்ளைங்க, தெரியுமா?"

காகிதத்தைப் பார்த்தேன். பயணத் திட்டம். நாள்வாரியாக அச்சிட்டிருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடீ போட்டிருக்கு? முகம் ஏன் இப்படிப் போச்சு? படி."

"ஒண்ணுமில்லம்மா."

"படின்னா படி."

நான் படித்தேன். நாலாம் நாள்: மேகக் காட்டில் நடை. பாறையில் மதிய உணவு. மழை பெய்தால் மட்டும், என் கொமாத்ரே ஒடிலியாவின் சமையலறையில். ஐந்தாம் நாள்: விறகு அடுப்பில் ரொட்டி சுடப் பழகுதல். ஆறாம் நாள்: ஒரு மலைக் குழந்தைக்கு ஞானப்பெற்றோர் ஆகுங்கள். மாலை ஓய்வு.

அம்மா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "மழை பெய்தால் மட்டுமா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்படித்தான் போட்டிருக்கா? நீ சரியாப் படிக்கிறியா?"

"சரியாத்தான் படிக்கிறேன்."

"அவரு உன்கிட்ட வேற என்ன சொன்னாரு?"

குவாதமாலாப் பையனின் பெயர் அவருக்கு மறந்துபோனதைச் சொன்னேன். பதினொரு பிள்ளைகள் பற்றியும் சொன்னேன். எங்கள் ஊரில் நிறைய ஞானப்பிள்ளைகள் இருப்பது பெருமைதான், அதற்காக அம்மா வருந்தவில்லை. ஆனால் ஒரே ஞானத்தாயின் பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள் மாதிரி. ஒருவர் கல்யாணத்துக்கு மற்றவர் போக வேண்டும்.

"அப்போ உனக்குப் பத்துப் பேரு கூடப் பிறந்தவங்க இருக்காங்க" என்றாள் அம்மா. "ஆறு வருஷமா என் அடுப்படியில உக்காந்து பேசினவ, ஒருத்தன் பேரைக்கூடச் சொல்லலை."

எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். இறங்கும் வழி முழுவதும் யாருக்கும் எந்தச் செடியையும் காட்டவில்லை. வெண்டல் இரைத்துக்கொண்டு பின்னால் வந்தார். கடைசியில் நானே நிறுத்தி ஒரு பூவைக் காட்டினேன். அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

முதலில் அம்மா ஊர்ச் சுற்றுலா அலுவலகத்துக்குத்தான் போனாள். இந்த வருடம் அங்கே ஊர்ப் பொறுப்பில் இருப்பவர் பெரியவர் தோன் அபுந்தியோ. அவர் மேசை இழுப்பறையைத் திறந்து அதே திட்டத்தை எடுத்துக் காட்டினார், எங்கள் மொழியில், மார்ச் மாதத்துத் தேதியோடு.

"உங்களுக்கு மார்ச்சுலயே தெரியுமா?"

"உனக்குத் தெரியும்னு நெனைச்சேன்மா. உன் கொமாத்ரேதானே? நீதானே வீடு வீடாப் போன?"

"படிச்சுப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, தோன் அபுந்தியோ?"

"சொல்லியிருந்தா மட்டும்? கொமாத்ரே கேட்டா மாட்டேன்னுவியா நீ?" என்று சிரித்தார். "விருந்தினர் குடில் எல்லாம் நிறைஞ்சு ஊருக்குக் காசு வருது. விடும்மா."

மார்னி குடில் வாசலில் காலணியின் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் எதிரில் நின்றாள். கோபமாகப் பேசத் தெரிந்த பெண்தான் அம்மா. ஊர்க்கூட்டத்தில் அவள் குரல் கேட்டால் ஆண்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். ஆனால் கொமாத்ரேயிடம் குரல் உயர்த்த முடியாது.

"கொமாத்ரே, உங்க ஆளுங்க அடுத்த வருஷம் வருவாங்களா?"

"அடுத்த வருஷம் நாங்க பெரு போறோம். ஏன்?"

"அதுக்கு அடுத்த வருஷம்?"

மார்னி காலணியைக் கீழே வைத்தாள். "ஒடிலியா, என்ன ஆச்சு? இவங்க நல்லவங்க. ஒவ்வொருத்தரும் பரிசு கொண்டு வந்திருக்காங்க. பிள்ளைங்களுக்கும் சந்தோஷம், இவங்களுக்கும் ஊர் வழக்கம் தெரியுது. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"என்னையும் காகிதத்துல போட்டிருக்கீங்க."

"ஆமா! என் பயணத்துலயே மனசைத் தொடற இடம் அதுதான்னு எல்லாரும் சொல்றாங்க."

"மழை பெய்தா மட்டும்."

மார்னி சிரித்தாள். கேலியாக இல்லை, உண்மையாகவே புரியாமல். "திட்டத்துக்காக எழுதறது அது. நீ எனக்கு யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்னு நெனைச்சிருந்தேன்" என்றாள் அம்மா. "சரிங்க கொமாத்ரே. நீங்க ஓய்வெடுங்க."

அதற்கும் பள்ளி விழாவுக்கும் நடுவில் ஒரே நாள்தான் இருந்தது. அந்த ஒரு நாளில் அம்மா மறுபடியும் ஒன்பது வீட்டுப் படியும் ஏறினாள். நானும் கூடவே போனேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். "நான் சொன்னது தப்பு. இவங்க திரும்பி வர மாட்டாங்க. நாளைக்கு ஒரு நாள் மட்டும்தான். வேற ஆளை நிறுத்திக்கணும்னா நிறுத்திக்கோங்க. பழி என்மேல இருக்கட்டும்."

தோன்யா காசில்டா சோளம் உதிர்த்துக்கொண்டே கேட்டாள். "எம் பையனுக்குக் கம்ப்யூட்டர் குடுக்கப்போறானாமே அந்தக் கனடாக் கிழவன்?"

"குடுப்பாருன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்புறம் என்ன? என் மச்சினன் அடுத்த தெருவுல இருக்கான். மூத்தவனுக்கு அவன்தான் நின்னான். இதுவரைக்கும் வாசப்படி மிதிச்சிருக்கானா? இவன் ஒரு தடவை வந்தா எனக்குப் போதும்."

அப்படி நாலு வீடு கனடாக்காரர்களையே வைத்துக்கொண்டது. இரண்டு வீட்டுக்காரர்கள் உறவினர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பழைய ஆளையே திரும்பப் பிடித்தார்கள். மீதி மூன்று வீடுதான் சிக்கல். ஹசின்த்தா என்பவள் வீட்டில் அவள் தம்பி வாசலில் நின்று எங்கள் காதுபடவே சொன்னான்: "வெள்ளைக்காரி கிடைச்சதும் என்னைத் தூக்கிப் போட்டீங்க. இப்போ வெள்ளைக்காரி போயிட்டா, நான் மட்டும் மிச்சமா? நான் என்ன பழைய தொட்டிலா?" ஹசின்த்தா முகத்தை முந்தானைச் சால்வையால் மூடிக்கொண்டாள். மற்ற இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய இதே கதை.

அம்மா அவள் வீட்டு முற்றத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு சொன்னாள்: "உங்க ரொட்டியை வாங்கினது நான். தின்னதும் நாங்கதான். நான் நிக்கிறேன்."

"மூணு வீட்டுக்குமா?"

"மூணு வீட்டுக்கும்."

ஹசின்த்தாவின் தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே நாள்ல மூணு கொமாத்ரேயா? உன் வீட்டுச் சாவுக்குத் தூக்க ஆள் பஞ்சமே இல்ல, தோன்யா."

ஞானத்தாய் என்றால் ஒரு பரிசோடு முடிவதில்லை. கல்யாணம், காய்ச்சல், போலீஸ் ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் போய் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்து அம்மா பெட்டியைத் திறந்தாள். எங்களிடம் நல்ல கம்பளி மூன்றுதான் இருந்தது. மூன்றையும் வெயிலில் உதறி, மூன்று பிள்ளைகளுக்கும் பரிசாக மடித்து வைத்தாள்.

விழா கூடைப்பந்து மைதானத்தின் தகரக் கூரைக்குக் கீழே நடந்தது. ஊர் பேண்டு வாசித்தது. பெயர் கூப்பிட்டால் பிள்ளை ஞானத்தாயின் கையைக் கோத்துக்கொண்டு வாசலிலிருந்து மேடைவரை நடக்க வேண்டும். வெண்டல் காசில்டாவின் மகனோடு நடந்தார். நிமிர்ந்து, கண் கலங்கி, பையனை விடவும் பயந்துகொண்டு நடந்தார். இந்த முறை பெயர் மறந்துவிடக் கூடாதென்று உள்ளங்கையில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

அம்மா முதல் பிள்ளையோடு நடந்தபோது கை தட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கிப் பின்பக்கமாகச் சுற்றி வாசலுக்கு ஓடி, இரண்டாவது பிள்ளையோடு வந்தபோது சிரித்தார்கள். "தோன்யா, அங்கயே கட்டில் போட்டுக்கோ!" என்று ஒருவன் கத்தினான். மூன்றாவது தடவை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊருக்குக் கணக்கு மெதுவாகத்தான் புரியும், ஆனால் புரியும். மார்னி முன்வரிசையில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தன் ஆட்களில் ஐந்து பேருக்குப் பிள்ளை இல்லாமல் போனது அவளுக்கு வருத்தம். மற்ற நாலு பேரின் பிள்ளைகளோடு அவர்களையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்துச் சமாளித்தாள்.

அன்று பகலில் அம்மா மூன்று வீட்டிலும் சாப்பிட வேண்டும். மூன்று வீட்டிலும் வான்கோழி, கருப்பு மோலேக் குழம்பு. முதல் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டாள், பிள்ளையோடு ஒரு சுற்று ஆடினாள். இரண்டாவதில் பாதி. மூன்றாவது ஹசின்த்தா வீடு. அங்கே இரண்டு வாய் எடுத்தவள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது. பாறையிலிருந்து இறங்கியதிலிருந்து அதுவரை அவள் அழவில்லை.

"மோலே காரமாயிருச்சா கொமாத்ரே?" என்று கேட்டாள் ஹசின்த்தா.

"ஆமாங்க. கொஞ்சம் காரம்."

அந்த மோலேயில் காரமே இல்லை, நானும் சாப்பிட்டேன். ஹசின்த்தா தண்ணீர் வைத்துவிட்டு, அடுப்படியில் இருந்தவர்களையெல்லாம் ஏதேதோ வேலை சொல்லி வெளியே அனுப்பினாள். தானும் அம்மாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தட்டுகளைத் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மார்னி வந்தாள். "ஒடிலியா! எங்கெல்லாம் தேடறது உன்னை? எல்லாரும் உன்னோட ஒரு படம் எடுக்கணுங்கறாங்க."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க கொமாத்ரே. உக்காருங்க. சாப்பிட்டீங்களா?"

அவளே தட்டு வைத்தாள். நல்ல தொடைத் துண்டாகப் பார்த்து வைத்தாள். மார்னி நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டு, "பிரமாதம்" என்றாள். வண்டிக்காரன் மலைமூடுபனிக்கு முன்னால் அதிகாலையிலேயே கிளம்பணும் என்கிறான், சாமான் கட்டணும் என்றாள். படம் எடுத்துக்கொண்டாள். போகும்முன் அம்மாவைக் கட்டிப்பிடித்து என்னிடம் இங்கிலீஷில், "பாத்தியா, உங்கம்மாவுக்கு என்மேல கோபம் போயிருச்சு" என்றாள்.

விருந்தாளி வைத்துவிட்டுப் போன உணவைக் கட்டிக் கொடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம், அதுவும் கொமாத்ரே என்றால் கட்டாயம். அம்மா அந்தத் தட்டில் மிஞ்சியதோடு இன்னும் இரண்டு துண்டு சேர்த்து, சோள ரொட்டி அடுக்கி, துணியில் முடிந்து என்னிடம் தந்தாள்.

"அவளுக்கு எதுக்கும்மா?"

"வழியில பசிக்கும்."

"அவ உன்னை..."

"செனி, கொண்டுபோய்க் குடு. நான் அவளுக்கு ரொட்டி வச்சவ. வச்சது வச்சதுதான்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்னி பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்து, "உங்க ஊர் மாதிரி உண்டா!" என்று சொல்லி மேசைமேல் வைத்தாள். அவளிடம் சொல்வதற்கு இரண்டு மொழியிலும் வார்த்தை வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை வண்டி போனதும் குடில்களைப் பெருக்குகிற முறை எனக்கு. மார்னியின் குடிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. மேசைமேல் பொட்டலம் அப்படியே இருந்தது. முடிச்சுக்கூட அவிழ்க்கவில்லை.

உணவை எடுத்துப்போய் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் கோழிகளுக்குப் போட்டேன். துணியை ஓடையில் அலசிக் காயவைத்து, வீட்டுக்கு எடுத்துவந்து, மற்றத் துணிகளோடு மடித்து வைத்தேன். அம்மா காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மொன்தெர்ரே நகரத்திலிருந்து ஒரு இளம் தம்பதி காத்திருந்தார்கள்.

"கொமாத்ரே சாப்பாட்டை எடுத்துக்கிட்டாளா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கிட்டா" என்றேன்.